நல்ல தோட்டா எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் வெண்கலம் வென்றார். அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 221.7. அவர் போட்டியிலிருந்து வெளியேறிய அந்த நேரத்தில் அவருக்கு முன்னால் இருந்த தென் கொரிய வீராங்கனையிடம் 221.8 இருந்தது. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே நின்றது வெறும் 0.1 புள்ளி. இலக்கில் அது எவ்வளவு தூரம் தெரியுமா? 0.8 மில்லிமீட்டர். உங்கள் பையில் இருக்கும் ஏடிஎம் அட்டையின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தப் பதக்கத்துக்குப் பிறகு, சென்னையில் நான் வார இறுதிகளில் பயிற்சி தரும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "சார், எந்த பெல்லட் வாங்கினால் நல்ல ஸ்கோர் வரும்?" காற்றின் அழுத்தத்தால் ஏர் பிஸ்டலிலிருந்து பாயும் சின்ன ஈயக் குண்டுதான் பெல்லட். பெற்றோர் கேட்கிறார்கள், பிள்ளைகள் கேட்கிறார்கள், பல வருடமாகச் சுடுகிறவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை எந்தக் கடையிலும் இல்லை. உங்கள் பிஸ்டலுக்கு எது நல்லது என்பதை உங்கள் பிஸ்டல்தான் சொல்ல வேண்டும். அதனிடம் எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாடுகளில் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் வீரர்கள் பின்பற்றுவதும் இதே முறையைத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாமரத்தில் கல்லெறிந்த அனுபவம் இருந்தால் இது உடனே புரியும். ஒருவன் எறியும் ஐந்து கல்லும் மாங்காய்க்கு ஒரு சாண் இடப்புறமாக, ஒரே இடத்தின் வழியாகப் போகின்றன. இன்னொருவன் எறிவதில் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று பக்கத்து வீட்டுக்கு. இருவருக்கும் மாங்காய் விழவில்லை. ஆனால் முதலாமவனிடம் "ஒரு சாண் வலப்பக்கம் குறி வை" என்று சொன்னால் போதும், அடுத்த கல்லில் மாங்காய் விழும். இரண்டாமவனிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. பிஸ்டலிலும் இப்படித்தான். குண்டுகள் எல்லாம் நெருக்கமாக, ஆனால் நடுவிலிருந்து விலகி விழுந்தால் குறி பார்க்கும் சைட்டில் இருக்கும் திருகை நாலு கிளிக் திருப்பினால் சரியாகிவிடும். குண்டுகள் சிதறி விழுந்தால் எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. இந்தச் சிதறலைத்தான் நாங்கள் 'குரூப்' என்ற சொல்லால் அளக்கிறோம். குரூப் எவ்வளவு பெரியது என்றால், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்.

அளப்பது எளிது. வெர்னியரை எடுத்து, தொலைவில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதில் பெல்லட்டின் விட்டமான 4.5 மில்லிமீட்டரைக் கழித்துவிடுங்கள். மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைத்துவிடும்.

இப்போது இலக்கைப் பார்ப்போம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அடுத்தடுத்த வளையங்களின் விட்டம் 16 மில்லிமீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகிறது: ஒன்பது 27.5, எட்டு 43.5, ஏழு 59.5. பெல்லட்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைத்துவிடும். ஆகவே பெல்லட்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பத்து. அந்த 8 மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துத்தான் 10.0 முதல் 10.9 வரை தருகிறார்கள். நான் முதலில் சொன்ன 0.8 அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு குண்டு நடுவிலிருந்து விலகுவதற்கு யார் காரணம்? கை நடுங்குகிறது. மூச்சு ஏறி இறங்குகிறது. டிரிக்கரை இழுக்கும் விரல் பிஸ்டலையும் சேர்த்து ஒரு பக்கம் தள்ளுகிறது. இது சுடுபவருடைய பங்கு. பிஸ்டல் தன் பங்குக்குக் கொஞ்சம் விலக்குகிறது. பெல்லட் தன் பங்குக்குக் கொஞ்சம். கேள்வி என்னவென்றால், இவை எப்படிக் கூடுகின்றன?

கையின் சிதறல் 60 மில்லிமீட்டர், பெல்லட்டின் சிதறல் 10 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 70 என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. அண்ணா நகரை நினைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் நேரான தெருக்கள் அங்கே நிறைய உண்டு. ஒரு மூலையிலிருந்து கிழக்கே நாலு தெரு, பிறகு வடக்கே மூன்று தெரு நடந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் நீங்கள் இருக்கும் தூரம் ஏழு தெரு அல்ல, ஐந்துதான். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கு. கையின் பிழையும் பெல்லட்டின் பிழையும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. கை இடப்புறம் இழுக்கும்போது பெல்லட் மேலே போகலாம். சில சமயம் கையின் தவறைப் பெல்லட்டே திருப்பி ஈடுகட்டவும் செய்யலாம். அதனால் இரண்டும் நேராகக் கூடாமல், இந்த முக்கோணத்தைப் போல, வர்க்கங்களாகக் கூடி வர்க்கமூலமாக வெளிப்படுகின்றன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வருடம் பயிற்சி எடுத்த ஒருவரின் கையால் வரும் சிதறல் 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவர் 10 மில்லிமீட்டர் சிதறும் சாதாரண பெல்லட்டைப் போட்டால் மொத்தம் 60.8. விலை கொடுத்து 5 மில்லிமீட்டர் மட்டுமே சிதறும் பெல்லட்டைப் போட்டால் 60.2. அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான லாபம். அதே பெல்லட்டுகளைக் கையின் சிதறல் 24 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்ட ஒரு தேசிய அளவு வீரரிடம் கொடுங்கள். சாதாரண பெல்லட்டில் 26, நல்ல பெல்லட்டில் 24.5. ஒன்றரை மில்லிமீட்டர். 0.8 மில்லிமீட்டரில் பதக்கத்தின் நிறம் மாறும் இடத்தில் இது பெரிய வேறுபாடு.

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளாததால் எத்தனை குடும்பங்கள் தேவையில்லாமல் செலவு செய்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு மனம் வலிக்கும் விஷயம் இது. பிள்ளையின் ஸ்கோர் 600-க்கு 520-இல் நிற்கிறது என்றால் காரணம் பெல்லட் அல்ல. வெறும் பிஸ்டலை வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடித்து, தினமும் அரை மணி நேரம் குண்டில்லாமல் டிரிக்கர் இழுத்துப் பழகினால் கிடைப்பது எந்த டப்பாவிலும் கிடைக்காது.

ஒரு சோறு பதம் ஆகாது

பெரம்பூரிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி வருகிறாள். அப்பா மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புதிய டப்பா ஒன்றுடன் வந்தார். பழைய பெல்லட்டில் ஐந்து குண்டு, புதியதில் ஐந்து குண்டு சுட்டாள். பழையதில் குரூப் 58 மில்லிமீட்டர், புதியதில் 37. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தீர்களா சார், என்ன வித்தியாசம்!"

"அடுத்த வாரமும் இதேபோல் ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் அண்ணா" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் காத்திருந்தார். அடுத்த வாரம் பழையதில் 41, புதியதில் 55.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது உண்மை. காரணம், ஒரே பானையில் ஒரே கொதியில் எல்லா அரிசியும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேகிறது. ஒன்றை நசுக்கிப் பார்த்தால் மற்றதும் தெரிந்துவிடும். குண்டுகள் அப்படி அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தற்செயலாக விலகுகிறது. இங்கே ஒரு சோறு பதம் ஆகாது. ஐந்து சோறும் ஆகாது. ஐப்பசியின் முதல் மூன்று நாள் மழையைப் பார்த்துவிட்டு, இந்த வருடம் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புமா என்று சொல்வதைப் போன்றது அது.

குரூப்பைப் பற்றிப் புதியவர்கள் அறியாத ஒரு குணம் இருக்கிறது. குண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூடக் குரூப் பெரிதாகும். பிஸ்டல் கெட்டுவிட்டதால் அல்ல. மிகத் தொலைவில் விழும் இரண்டு ஓட்டைகளைத்தான் நாம் அளக்கிறோம்; அதிகமாகச் சுட்டால் தூரப்போகும் குண்டு ஒன்று வருவதற்கான வாய்ப்பும் அதிகம். பத்து குண்டு குரூப் சராசரியாக 10 மில்லிமீட்டர் வரும் ஒரு பிஸ்டலில், ஐந்து குண்டு குரூப் சராசரியாக 8 மில்லிமீட்டரும் மூன்று குண்டு குரூப் 6.3 மில்லிமீட்டரும் வரும். மூன்று குண்டு சுட்டு அளந்து மகிழ்பவர் உண்மைச் சிதறலில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே ஒருவருடைய மூன்று குண்டு குரூப்பையும் இன்னொருவருடைய பத்து குண்டு குரூப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

இன்னொன்று, சராசரி 8 மில்லிமீட்டர் வரும் ஐந்து குண்டு குரூப் ஒருநாள் 6 வரும், இன்னொருநாள் 10 வரும். எதுவும் மாறாமலேயே இவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பானது. அதனால்தான் அந்த மாணவிக்கு இரண்டு வாரமும் இரண்டு விதமாக வந்தது. போதாக்குறைக்கு அவள் கையின் சிதறல் பெல்லட்டின் சிதறலை முழுவதும் மறைத்துவிட்டது. மத்தளச் சத்தத்தின் நடுவே வீணையின் சுருதியைச் சரிபார்க்க முயன்றோம் நாங்கள்.

கையை எடுத்துவிடுவது

பெல்லட்டின் பங்கை மட்டும் பார்க்க வேண்டுமானால் மனிதக் கையை நடுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் வைஸ், அதாவது பொருளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி. அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம், அதே வைஸ்தான். ஆனால் பிஸ்டலின் உடல் நசுங்காதபடி இரு பக்கமும் பதமான ரப்பரோ மரத்துண்டோ வைத்துப் பிடிக்கும்படி செய்திருப்பார்கள். கனமான மேசையில் அதைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மேசை ஆடினால் எல்லாம் வீண். பேரலை, அதாவது குண்டு வெளியேறும் குழாயை, பிடித்து இறுக்கக் கூடாது.

எங்கள் ரேஞ்சில் அந்த மாணவியின் பிஸ்டலை அப்படிப் பொருத்தி, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சோதித்தோம். நான் விரும்பிச் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. மூன்று டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பத்து குண்டு குரூப் ஐந்து. ஒரு பெல்லட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பேரலுக்குள் முந்தைய பெல்லட்டின் ஈயத் தடம் இருக்கும். புதியது தன் தடத்தைப் பதித்துக்கொள்ளச் சிறிது அவகாசம் வேண்டும். பெல்லட்டைத் தள்ளும் காற்று சிலிண்டரில் குறைய விடாமலேயே முழுச் சோதனையையும் முடித்தோம். மூன்று டப்பாக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்காமல், ஒரு குரூப் இதில், ஒரு குரூப் அதில் என்று மாற்றி மாற்றிச் சுட்டோம். காலையில் ஒரு டப்பா, மதியம் ஒரு டப்பா என்று சுட்டிருந்தால், வித்தியாசம் பெல்லட்டினால் வந்ததா மே மாத வெயிலினால் வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

பழைய டப்பா: 7, 9, 8, 8, 10 மில்லிமீட்டர். அப்பா வாங்கிவந்த விலை உயர்ந்த டப்பா: 8, 7, 9, 9, 8. இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடே இல்லை. மூன்றாவது டப்பா, அந்த விலை உயர்ந்த பெல்லட்டின் அதே தயாரிப்புதான், தலையின் விட்டம் மட்டும் 4.49-க்குப் பதில் 4.50. அதில் வந்தது 5, 4, 5, 6, 5.

ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! பேரலுக்குள் திருகு வரிகள் வெட்டியிருக்கிறார்கள். பெல்லட்டின் மெல்லிய ஈயத் தலையும் பாவாடை போன்ற பின்பகுதியும் அந்த வரிகளில் பதிந்து சுழல வேண்டும். தலை சற்றே சிறியதாக இருந்தால் பெல்லட் சாய்ந்து நுழையும். சாய்ந்து நுழைந்தது தள்ளாடிக்கொண்டே வெளியேறும். இந்த பிஸ்டலின் பேரலுக்கு 4.50 பொருந்தியது. பக்கத்தில் நிற்பவரின் பிஸ்டலுக்கு 4.49 பொருந்தலாம். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் பேரலுக்குப் பேரல் சிறு வேறுபாடு உண்டு. அதனால்தான் "எந்த பெல்லட் நல்லது" என்று இன்னொருவரிடம் கேட்டுப் பயனில்லை என்று சொன்னேன்.

எடையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். 10 மீட்டரில் அது அவ்வளவு பெரிய காரணம் அல்ல. நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் இலக்கை அடைவதற்குள் புவி ஈர்ப்பால் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. வேகம் 145 ஆகக் குறைந்தால் 23 சொச்சம். ஐந்து மீட்டர் வேகம் குறைந்தாலும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். நல்ல பிஸ்டலில் வேகம் அவ்வளவு மாறாது. வடிவமும் பொருத்தமும்தான் முக்கியம்.

வடிவத்தைப் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. மேசை விளக்கின் கீழே ஒரு கண்ணாடித் தகட்டை மிக லேசாகச் சாய்த்து வையுங்கள். பெல்லட்டை அதன் மேல் வைத்து உருட்டிவிடுங்கள். பின்பகுதி தலையைவிடச் சற்று அகலம் என்பதால் அது நேராகப் போகாமல் வளைந்து உருளும். நல்ல பெல்லட் சத்தமில்லாமல், கோலத்தில் இழுத்த வளைவு போல ஒரே சீராகப் போகும். பின்பகுதியில் நசுக்கு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தத்தும். காதைப் பக்கத்தில் வைத்தால் 'டக்... டக்...' என்று கேட்கும். அதைத் தனியே எடுத்து வையுங்கள்; பயிற்சிக்கு ஆகும், போட்டிக்கு ஆகாது. எடையும் பார்க்க விரும்பினால் சௌகார்பேட்டை நகைப் பட்டறைகளில் பயன்படுத்தும், மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். ஒரு பெல்லட்டின் எடையே ஏறக்குறைய அரை கிராம்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். காற்று பட்டால் தராசு பொய் சொல்லும்.

கடற்கரை நகரில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டப்பாவைத் திறந்தே போட்டால் ஈரக்காற்றில் ஈயத்தின் மேல் வெண்மையான பூச்சு படியும். அந்த பெல்லட் பேரலுக்கும் கெடுதி, உங்களுக்கும் கெடுதி. ஈயம் நஞ்சு. பெல்லட்டைத் தொட்ட கையோடு வடையோ பிஸ்கட்டோ சாப்பிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் வாயருகே கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு நிற்பதை எந்த ரேஞ்சில் பார்த்தாலும், தெரியாத பிள்ளையாக இருந்தாலும், போய்த் தடுத்துவிடுவேன்.

தோட்டாவைத் தானே தயாரிப்பவர்கள்

இதுவரை சொன்னது காற்றால் தள்ளப்படும் பெல்லட். 25 மீட்டர் போட்டிகளில் வெடிமருந்துத் தோட்டா வருகிறது. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில் பாயிண்ட் 22 தோட்டாவைப் பயன்படுத்தும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள்தான். ஒரு குண்டு வெடித்ததும் அதன் விசையாலேயே பிஸ்டல் காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிக்கொள்ளும். பாயிண்ட் 22 தோட்டாவில் தீப்பொறி தரும் மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. ஒரு முறை அடிபட்ட விளிம்பு நசுங்கிவிடும் என்பதால் அந்தக் கூட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. எனவே உயர்நிலை வீரர்கள் தோட்டாவைத் தயாரிப்பதில்லை, தேர்ந்தெடுக்கிறார்கள். ஈலி, லாப்புவா போன்ற கம்பெனிகளின் சோதனைக் கூடங்களில் தங்கள் துப்பாக்கியைப் பொருத்தி, வெவ்வேறு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண் கொண்ட தோட்டாக்களைச் சுட்டு, நன்றாக வரும் லாட்டை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் சனிக்கிழமைச் சோதனையின் பெரிய வடிவம் அது.

ஆண்களுக்கான சென்டர் ஃபயர் பிரிவில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரையிலான தோட்டாக்கள். இவற்றில் தீப்பொறி தரும் பிரைமர் தனியாக, கூட்டின் அடி நடுவில் இருக்கும். சட்டம் இடம் தரும் நாடுகளில் வீரர்கள் சுட்ட கூட்டைச் சுத்தம் செய்து, புதிய பிரைமர், அளந்த மருந்து, புதிய குண்டு வைத்துத் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள். கம்பெனி தன் தோட்டாவை உலகில் இருக்கும் எல்லாத் துப்பாக்கிக்கும் சேர்த்துச் செய்கிறது. இவர் தன் ஒரே துப்பாக்கிக்காகச் செய்கிறார். தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டைக்கும் கடையில் தொங்கும் சட்டைக்கும் உள்ள வேறுபாடு.

அங்கேயும் அவர்கள் தேடுவது ஒன்றையே: ஒரு தோட்டா போலவே அடுத்த தோட்டா. மருந்தின் அளவு, குண்டின் எடை, குண்டு கூட்டுக்குள் இறங்கும் ஆழம், கூட்டின் வாய் குண்டைப் பிடித்திருக்கும் இறுக்கம், இந்த நான்கும் ஒவ்வொரு தோட்டாவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெல்லட்டில் பார்த்தது போலவே குண்டின் விட்டம் அந்தப் பேரலுக்குப் பொருந்தவும் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது. மாற்றினால், வந்த நன்மை எதனால் வந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, போதிய குண்டுகள் சுட்டு, அளந்து, நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் இதில் கூடுதலாக ஒரு நிபந்தனை போடுகிறது. துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, தோட்டா அந்த இயந்திரத்தை ஓட்டவும் வேண்டும். விசை குறைந்தால், முன்னும் பின்னும் நகரும் மேல்பாகமான ஸ்லைடு முழுதும் பின்வாங்காமல் பாதியில் நின்று தோட்டா சிக்கிக்கொள்ளும். விசை கூடினால் பாகங்கள் அடிபட்டுத் தேயும். தோட்டா, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்குள் அடங்கும் நீளத்தில் இருக்க வேண்டும். சரிவில் ஏறி, பேரலின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் தடங்கல் இல்லாமல் நழுவிச் செல்லவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் எல்லாப் பாகமும் அதே இடத்தில் வந்து பூட்டிக்கொண்டால்தான் சைட்டும் பேரலும் ஒரே திசையைப் பார்க்கும். மிக நெருக்கமான குரூப் தரும் தோட்டா, போட்டியின் நடுவே ஒரு முறை சிக்கினால் அதற்கு மதிப்பில்லை. 2021-இல் டோக்கியோவில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி நிமிடங்கள் வீணானதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இயந்திரம் ஒழுங்காக ஓடுவதன் அருமை தெரியும்.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயன்று பார்க்க நினைக்கக் கூடாது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். சட்டத்தைத் தாண்டியும், உயிரை வாங்கும் வேலை அது. பிஸ்டல் தோட்டாக்களில் மருந்து கூட்டின் ஒரு சிறு பகுதியைத்தான் நிரப்பும். கவனம் தப்பி இரண்டு முறை மருந்து போட்டுவிட்டாலும் வெளியே எதுவும் தெரியாது. சுடும்போது கையிலேயே பிஸ்டல் வெடிக்கும். குண்டு சற்று அதிக ஆழம் இறங்கினாலே உள்ளே அழுத்தம் வேகமாக ஏறும். அனுமதி உள்ள நாடுகளில்கூட, மருந்து தயாரிப்பவர்கள் சோதித்து வெளியிடும் அட்டவணையை ஒரு எழுத்து மீறாமல் பின்பற்றுகிறவர்கள்தான் முதுமை வரை எல்லா விரல்களோடும் இருக்கிறார்கள். நமக்கு ஏர் பிஸ்டல் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. சிதறலைப் பற்றிக் கற்க வேண்டிய எல்லாவற்றையும் அதிலேயே கற்கலாம்.

சோதனை செய்யப்போகிறவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. குரூப் அளவு இரண்டே ஓட்டைகளைப் பார்த்துவிட்டு மற்ற எட்டையும் மறந்துவிடுகிறது. பொறுமை இருந்தால் ஒவ்வொரு ஓட்டையும் குரூப்பின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, அவற்றின் சராசரியை எடுங்கள். பத்து குண்டும் பேசும் கணக்கு அது. குறைந்த குண்டுகளிலேயே நம்பகமான விடை தரும். மின்னணு இலக்கு இருக்கும் ரேஞ்சில் ஒவ்வொரு குண்டின் இடமும் எண்ணாகவே கிடைத்துவிடுவதால் வேலை சுலபம். "அது என் தவறு" என்று சொல்லி எந்த ஓட்டையையும் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். வைஸில் பூட்டிய பிஸ்டலில் உங்கள் தவறு என்று ஒன்று கிடையாது. நீக்க ஆசைப்படும் அந்த ஓட்டைதான் பெரும்பாலும் பெல்லட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லும்.

அன்று மாலை அந்த மாணவி 4.50 டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கரைப் பார்த்து, லாட் எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்பா தன் விலை உயர்ந்த டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை என்ன செய்வது சார்?"

"பயிற்சிக்குத்தான். வீணாகாது அண்ணா. வாரத்துக்கு நூறு குண்டு என்றால் ஐந்து வாரம் வரும்."

அவள் அந்த டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வைஸிலிருந்து பிஸ்டலைக் கழற்றி, காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வெள்ளைச் சுவரை நோக்கி நின்றாள்.